சாவி யாரிடம் இருக்க வேண்டும்? – நிரலை மேகத் தரவுத்தளத்துடன் இணைத்தல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தான் நிரல் வழியாகத் தரவுத்தளத்தைக் கையாளும் பாடம் ஒன்று உண்டு. அதில் நாம் பயன்படுத்துவது எஸ்கியூலைட். அந்தத் தரவுத்தளம் உண்மையில் ஒரே ஒரு கோப்புதான். கோப்பின் பெயரைக் கொடுத்து ‘கனெக்ட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், இணைப்பு கிடைத்துவிடும். முகவரி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், இணையமும் வேண்டாம். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்தப் பாடத்தை நடத்தி முடிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார்: “டீச்சர், இங்க லேப்ல பதிஞ்சத, லைப்ரரில இருக்கிற கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா?” அந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறதோ, தரவும் அங்கேதான் இருக்கும். பென்டிரைவில் நகலெடுத்துக் கொண்டுபோனால் இரண்டு பிரதிகள் ஆகிவிடும். எது சரியானது என்ற குழப்பம் மறுநாளே தொடங்கும். பலரும் பல இடங்களிலிருந்து ஒரே பதிவேட்டைப் பார்க்கவும் எழுதவும் வேண்டுமென்றால், பதிவேடு பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொது இடமாக இன்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மேகத் தரவுத்தளம்.

கோப்பிலிருந்து மேகத்திற்கு மாறும்போது நிரலில் மாறுவது சில வரிகள் மட்டுமே. ஆனால், பொறுப்பு முழுவதும் மாறிவிடுகிறது. பூட்டிய ஆய்வகத்துக்குள் இருந்த கோப்பு, உலகில் எவரும் வந்து கதவைத் தட்டக்கூடிய இடத்துக்குப் போய்விடுகிறது. எனவே இணைக்கும் வித்தையைக் கற்பிக்கும் அதே பாடவேளையில், சாவியைக் காக்கும் முறையையும் கற்பித்தாக வேண்டும் என்பதே என் அனுபவம். கணினி ஆசிரியர்கள் மட்டுமன்றி, பள்ளிக்குச் செயலி செய்து தருகிறோம் என்று யாரேனும் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை அறிய விரும்பும் எல்லா ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேகம் என்பது வானத்தில் இல்லை

மேகம் என்ற சொல் மாணவர்களைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. அது தரையில், ஒரு கட்டடத்துக்குள், குளிரூட்டிய அறையில் அடுக்கப்பட்டிருக்கும் கணினிகளின் தொகுப்பு. தரவுத்தள மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, மின்சாரம் போனால் சமாளிப்பது போன்ற வேலைகளை அதை நடத்தும் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. நாம் இணையம் வழியாக அதைப் பயன்படுத்துகிறோம். அமேசான் நிறுவனம் 2009-இல் ‘ஆர்.டி.எஸ்.’ என்ற பெயரில் இத்தகைய சேவையைத் தொடங்கியது. 2016-இல் ‘மாங்கோடிபி அட்லஸ்’ வந்தது. கூகுளின் ‘ஃபயர்பேஸ்’ செல்பேசிச் செயலி செய்பவர்களிடையே பரவலாக வழங்குகிறது. இவற்றில் சில, பழகிப் பார்ப்பதற்காகச் சிறிய அளவை இலவசமாகவே தருகின்றன.

கணினிப் பயன்பாடுகள் பாடப்பிரிவு மாணவர்கள் பி.எச்.பி. மொழி வழியாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை இணைக்கக் கற்கிறார்கள். அங்கே சேவையகத்தின் பெயராக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதுவோம். அதற்கு ‘இதே கணினி’ என்று பொருள். அந்த ஒரு சொல்லின் இடத்தில் தொலைவில் உள்ள கணினியின் முகவரி வந்துவிட்டால், அதுவே மேக இணைப்பு.

ஐந்து விவரங்கள், ஐந்து படிகள்

எந்தத் தொடர்புநிலைத் தரவுத்தளமானாலும் இணைப்புக்குப் பொதுவாக ஐந்து விவரங்கள் தேவை:

1. சேவையகத்தின் முகவரி – எந்தக் கட்டடம்.
2. போர்ட் எண் – அந்தக் கட்டடத்தில் எந்த வாசல். மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432.
3. பயனர் பெயர் – வந்திருப்பவர் யார்.
4. கடவுச்சொல் – அவர்தான் என்பதற்குச் சான்று.
5. தரவுத்தளத்தின் பெயர் – உள்ளே எந்தப் பீரோ.

இவற்றோடு, பைத்தானுக்கும் அந்தத் தரவுத்தளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் ‘டிரைவர்’ என்னும் நூலகத் தொகுப்பை நிறுவ வேண்டும். எஸ்கியூலைட்டுக்கான தொகுப்பு பைத்தானோடு சேர்ந்தே வருகிறது; மற்றவற்றுக்குத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

அதன்பின் நிரலின் படிகள் நாம் ஏற்கெனவே அறிந்தவையே: இணைப்பை ஏற்படுத்து, கர்சரை உருவாக்கு, வினவலை இயக்கு, ‘கமிட்’ செய், இணைப்பை மூடு. பைத்தானில் தரவுத்தள டிரைவர்கள் பொதுவான ஒரு வரையறையைப் பின்பற்றுவதால், எஸ்கியூலைட்டில் பழகிய மாணவருக்கு இந்தப் படிகள் புதிதாகத் தோன்றுவதில்லை. ‘கமிட்’ மறந்தால் பதிந்த வரி நிலைக்காது என்ற விதியும் அப்படியே பொருந்தும்.

கடைசிப் படியான ‘மூடு’ என்பதை மாணவர்கள் அலட்சியமாக விட்டுவிடுவார்கள். கோப்பில் அது பெரிதாகத் தெரியாது. மேகத்தில் தெரியும். ஒரு போஸ்ட்கிரெஸ் சேவையகம் இயல்புநிலையில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையும், மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் ஏற்கும். இலவசச் சேவைகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் முப்பது பேர் நிரலை மீண்டும் மீண்டும் இயக்கி, எவரும் இணைப்பை மூடாவிட்டால், சற்று நேரத்தில் ‘இணைப்புகள் மிகுதி’ என்ற பிழைச்செய்தி எல்லோருக்கும் வரும்.

தொலைவுக்கு ஒரு விலை உண்டு

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து மும்பை வான்வழியில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். கேள்வி போய்ப் பதில் வரக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். சேவையகம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் ஒருவழித் தொலைவே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லிநொடிக்குக் குறையாது. கம்பித் தடம் நேர்கோட்டில் செல்வதில்லை, இடையில் பல கருவிகளைக் கடக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும்.

இதை வைத்து வகுப்பில் ஒரு கணக்குப் போடலாம். ஒரு கேள்விக்கு 200 மில்லிநொடி என்று கொள்வோம். 40 மாணவர்களின் விவரத்தை ஒவ்வொருவராக 40 வினவல்களில் கேட்டால் 8 நொடி. ‘இந்த வகுப்பு மாணவர்கள் அனைவரையும் கொடு’ என்று ஒரே வினவலில் கேட்டால் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு. கடைக்கு நாற்பது முறை போய் நாற்பது பொருள் வாங்குவதற்கும், பட்டியலோடு ஒருமுறை போவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. சேவையை உருவாக்கும்போது எந்த ஊர் மையம் வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே மும்பை போன்ற அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்கே விளக்கம்.

பிழைச்செய்தியைப் படிக்கப் பழக்குவோம்

முதல்முறை இணைக்கும்போது பிழை வராமல் இருப்பது அபூர்வம். சிவப்பு எழுத்தைக் கண்டதும் மாணவர்கள் நிரலை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குகிறார்கள். செய்தியை நிதானமாகப் படித்தால், தடை எந்த வாசலில் என்பது தெரிந்துவிடும்.

முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்றால், சேவையகத்தின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம் அல்லது இணையம் இல்லை. நெடுநேரம் காத்திருந்து ‘டைம்அவுட்’ என்றால், பெரும்பாலும் வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது. நமது இணைய முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை அல்லது பள்ளியின் வலையமைப்பு அந்தப் போர்ட்டை அடைத்திருக்கிறது. அனுமதி மறுப்பு என்றால் பயனர் பெயரிலோ கடவுச்சொல்லிலோ சிக்கல். தரவுத்தளம் இல்லை என்றால், கட்டடத்துக்குள் போய்விட்டோம், பீரோவின் பெயர்தான் தவறு. இந்த நான்கையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால், “டீச்சர், வரல” என்ற குரல் பாதியாகக் குறைந்துவிடும்.

கடவுச்சொல் நிரலுக்குள் வேண்டாம்

இனிதான் முக்கியமான பகுதி. எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில் கடவுச்சொல் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதப்பட்டிருக்கும். மாணவர்கள் அதையே பின்பற்றுவார்கள். ஆனால் நிரல் என்பது பலர் பார்க்கும் பொருள். நண்பருக்கு அனுப்புவோம், செயல்திட்ட அறிக்கையில் அச்சிடுவோம், கிட்ஹப் போன்ற இணையக் கிடங்கில் ஏற்றுவோம்.

எங்கள் பள்ளியில் நூலகப் பதிவேட்டைச் செயல்திட்டமாகச் செய்த ஒரு குழு, பிழைச்செய்தியைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்டது. பிழைக்கு இரண்டு வரிகள் மேலே கடவுச்சொல் முழுதாகத் தெரிந்தது. கேட்டவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினார்கள். மாற்றும்போதுதான் அதே கடவுச்சொல் மூன்று கோப்புகளில் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. இரண்டில் மாற்றிவிட்டு, மூன்றாவது ஏன் ஓடவில்லை என்று அரைமணி நேரம் தேடினார்கள். ஏன் ஓரிடத்தில் வைக்க வேண்டும், ஏன் நிரலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதை அதன்பின் நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரியான முறை எளிது. கடவுச்சொல்லைக் கணினியின் ‘சூழல் மாறி’யில் சேமித்துவைப்போம். நிரல் இயங்கும்போது அந்த மாறியின் பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நிரலைப் பார்ப்பவருக்கு மாறியின் பெயர் தெரியும், மதிப்பு தெரியாது. தனியான ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து அதிலிருந்து படிக்கவும் செய்யலாம். அப்போது, அந்தக் கோப்பை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிட் போன்ற முறைகள் பழைய பதிப்புகள் அனைத்தையும் காத்துவைப்பவை. ஏற்றிய பிறகு கடவுச்சொல் உள்ள வரியை நீக்கினாலும், வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிந்த கடவுச்சொல்லை மறைக்க முயல்வதில் பயனில்லை. உடனே மாற்றுவதுதான் தீர்வு.

ஒவ்வொருவருக்கும் அவரவர் சாவி

பள்ளியின் எல்லா அறைகளுக்குமான சாவிக்கொத்தை நூலகப் பொறுப்பாளரிடம் கொடுப்பதில்லை. நூலகச் சாவியை மட்டும் தருகிறோம். தரவுத்தளத்திலும் அப்படியே. கணக்குத் தொடங்கும்போது கிடைக்கும் முதன்மைப் பயனருக்கு எல்லா உரிமையும் உண்டு. அட்டவணையையே அழிக்கவும் முடியும். அந்தப் பெயரில் நிரலை இயக்கக் கூடாது. நிரலுக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, ‘கிராண்ட்’ கட்டளையால் தேவையான அட்டவணையில் படிக்கவும் சேர்க்கவும் மட்டும் உரிமை தரலாம். பாடநூலில் ‘கிராண்ட்’, ‘ரிவோக்’ இரண்டையும் படித்தும் எங்கே பயன்படும் என்று புரியாத மாணவர்களுக்கு இது நல்ல விடை.

அனுமதிப் பட்டியலும் இதைப் போன்றதே. எந்த இணைய முகவரிகளிலிருந்து வரலாம் என்று சில சேவைகள் கேட்கும். பள்ளி இணைப்பின் முகவரி அவ்வப்போது மாறுவதால், சலிப்படைந்து ‘எங்கிருந்தும் வரலாம்’ என்ற தேர்வை அழுத்திவிடுவார்கள். அப்போது கடவுச்சொல் ஒன்றே காவலாக எஞ்சும். செயல்திட்டம் முடிந்ததும் அந்தத் தேர்வை நீக்கிவிட வேண்டும்.

வழியில் செல்லும் தரவும் மறையாக்கப்பட்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ‘ரிக்வயர்’ என்று அமைத்தால் மறையாக்கம் கட்டாயமாகும். ‘வெரிஃபை ஃபுல்’ என்று அமைத்தால், மறுமுனையில் இருப்பது நாம் தேடிய சேவையகம்தானா என்பதும் சான்றிதழ் வழியாகச் சரிபார்க்கப்படும். உறையை ஒட்டிக் கொடுப்பது முதலாவது. யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுப்பது இரண்டாவது.

பெயரில் ஒரு மேற்கோள் குறி

பயனர் தட்டச்சு செய்த பெயரை வினவல் சரத்தோடு நேரடியாக ஒட்டி எழுதுவது மாணவர்களின் இயல்பு. தூத்துக்குடிப் பக்கம் வழங்கும் ‘டி'சூசா’ போன்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் உள்ளிடச் சொல்லுங்கள். பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியை, ‘மதிப்பு இத்தோடு முடிந்தது’ என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும், வினவல் உடைந்துவிடும். குறும்புக்காரர் அதே இடத்தில் தம் கட்டளையை எழுதினால், அதையும் தரவுத்தளம் இயக்கக்கூடும். இதுவே ‘எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன்’. 1998-லேயே இது பொதுவெளியில் எழுதப்பட்டது.

தீர்வு: வினவலில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் குறியீடு மட்டும் இட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புவது. எஸ்கியூலைட்டில் அது கேள்விக்குறி. அப்போது எது கட்டளை, எது மதிப்பு என்பதில் குழப்பமே வராது. இதை மேகத்துக்குப் போகும் வரை தள்ளிப்போடாமல், எஸ்கியூலைட் பாடத்தின் முதல் நாளிலேயே பழக்கிவிடலாம்.

செல்பேசிக்குள் சாவியை வைக்கலாமா?

“செயலிக்குள்ளேயே கடவுச்சொல்லை வைத்துவிட்டால் என்ன?” என்ற கேள்வி அடுத்து வரும். செயலியை நிறுவிய ஒவ்வொருவரின் கையிலும் அந்தக் கடவுச்சொல் போய்விடுகிறது. செயலியைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன.

மாறாக, நம் பள்ளி அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். படிப்புச் சான்று வேண்டும் மாணவர் பதிவறைக்குள் நேராக நுழைவதில்லை. விண்ணப்பம் தருகிறார், அலுவலக உதவியாளர் சரிபார்த்து, பதிவேட்டைப் பார்த்து, அவருக்குரிய விவரத்தை மட்டும் எழுதித் தருகிறார். பதிவறைச் சாவி அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் அந்த உதவியாளரைப் போல் சேவையகத்தில் ஓர் இடைநிரல் இருக்க வேண்டும். கடவுச்சொல் அதனிடம் மட்டுமே இருக்கும்.

ஃபயர்பேஸ் போன்றவற்றில் செயலி நேராகவே தரவுத்தளத்தை அணுகலாம். அங்கே இடைநிரலின் வேலையைப் ‘பாதுகாப்பு விதிகள்’ செய்கின்றன. தொடக்கத்தில் ‘டெஸ்ட் மோடு’ தேர்ந்தெடுத்தால் எவரும் படிக்கலாம், எழுதலாம். அது சோதனைக்கு மட்டுமே. விதிகளை எழுதாமல் உண்மையான விவரங்களை அதில் இடுவது, பதிவறையைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

யாருடைய விவரம் அது?

இவ்வளவு கவலை எதற்கு என்றால், பள்ளியில் செய்யும் செயலி பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியது. பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் செல்பேசி எண், சாதி, ஆதார், எமிஸ் எண் என எதைக் கேட்டாலும் கொடுத்துவிடும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி 18 வயது நிறைவடையாதவர் குழந்தை. சட்டம் தரும் விலக்குகள் நீங்கலாக, அவர்களின் விவரங்களைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

எனவே மாணவர் செயல்திட்டங்களுக்கு நான் ஒரே விதி வைத்திருக்கிறேன்: மேகத்தில் ஏறுவது கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும் மட்டுமே. நூலகப் பதிவேட்டில்கூட புத்தக எண்ணும் ‘மாணவர் 1’, ‘மாணவர் 2’ என்பதும் போதும். கற்கவேண்டியது அத்தனையையும் இதைக்கொண்டே கற்கலாம். வெளியார் யாரேனும் செயலி தர முன்வந்தாலும், விவரங்கள் எங்கே சேமிக்கப்படும், சாவி யாரிடம், எப்போது அழிக்கப்படும், நகல் எடுத்துவைக்கப்படுமா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, தலைமையாசிரியர் வழியாகத் துறையின் அனுமதி பெற்ற பிறகே மேலே செல்ல வேண்டும்.

கணினி இல்லாமலும் நடத்தலாம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இதை ஒரு விளையாட்டாக நடத்தலாம். ஒரு மாணவர் தரவுத்தளம், கையில் பதிவேடு. ஒருவர் வாயிற்காவலர். ஒருவர் இடைநிரல். மற்றவர்கள் செயலிகள். ஐந்து விவரங்களையும் ஐந்து துண்டுச்சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, ஒன்றை வேண்டுமென்றே தவறாக எழுதுங்கள். எந்த வாசலில் தடை வந்தது என்று குழந்தைகளே சொல்வார்கள். பிறகு கடவுச்சொல் சீட்டை மேசைமேல் திறந்துவைத்துவிட்டு விளையாட்டைத் தொடருங்கள். வேறொருவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். காவலர் அவரைத் தடுக்கமாட்டார். சீட்டு சரியாக இருக்கிறதே! அதை நேரில் பார்த்த குழந்தைகளிடம், கடவுச்சொல்லை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடையிலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.